ரெண்டில் ஒண்ணு

“அம்மா, இது அஞ்சாவது சனிக்கிழமை. இன்னிக்கு ரெண்டில் ஒண்ணு முடிவு பண்ணிடுங்க” என்றார் கடைக்காரர்.

மலையேறுகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. கயிறு, கூடாரம், முரட்டு பூட்ஸ், வழி காட்டும் ஜி.பி.எஸ். கருவி. புதுசும் உண்டு, பழசும் உண்டு.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வாராவாரம் வருவார். பழைய சாமான் அலமாரியில் இருக்கும் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளையும் கேட்டு வாங்குவார். வாசலுக்குப் போய், ஒவ்வொன்றாக ஆன் செய்து, வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். பிறகு இரண்டையும் மேஜை மேல் வைத்துவிட்டு, “அடுத்த வாரம் வரேன் தம்பி” என்று போய்விடுவார்.

பொழுதை ஓட்ட வேறு கடை கிடைக்கவில்லையா என்று கடைக்காரருக்கு எரிச்சல்.

“ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அதே திரை, அதே பட்டன். பேட்டரியும் ஒரே அளவுதான் நிக்கும். இதுல என்னம்மா இவ்வளவு யோசனை?”

“ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி.”

அந்த நேரம் பார்த்து கடைக்காரருடைய போன் அடித்தது. மனைவி.

“ஞாயித்துக்கிழமை வெளியில போகணுமா? தலைக்கு மேல வேலை கிடக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். மனைவி வழக்கம்போல் “சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மலைக்கு வழி சொல்லி அனுப்புகிறவர், கல்லாவை விட்டு அசைந்து ஆறு வருடமாகிறது.

“எப்படி ஒண்ணு இல்லைங்கறீங்க?”

“இதுல ஒண்ணு எங்க வீட்டுக்காரருது.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. அலமாரியை ஒழிக்கிறேன்னு என் பையன் எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து போட்டுட்டான். ஞாயித்துக்கிழமை ஆனா இதை எடுத்துக்கிட்டு அவர் தனியா நடக்கக் கிளம்பிடுவார். உனக்குன்னு ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன், இதுல குறிச்சிருக்கேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.”

“எந்த மாதிரி இடம்னு சொன்னாரா?”

“வந்து பாரேன்னுதான் சொல்வார். அவர் கையில இருந்தப்போ இந்தக் கருமத்தை நான் ஏறெடுத்துக்கூடப் பார்த்ததில்ல. இப்ப ரெண்டுல எது அவருதுன்னே தெரியல. ஆன் பண்ணி வெளியில நின்னா தானா அந்த இடத்தைக் காட்டும்னு நினைச்சேன். கேட்கவும் வெட்கமா இருந்தது.”

பழைய கருவி எது வந்தாலும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, உள்ளே இருப்பதை மொத்தமாக அழிப்பது. ஒருத்தர் போன இடம் இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது என்பது கடையின் கறாரான வழக்கம். இரண்டையும் அவர் கையாலேயே அழித்திருந்தார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அந்த அம்மா இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்.

“அடுத்த சனிக்கிழமை வாங்கம்மா. உள்ளே தேடிப் பார்த்து வெக்கிறேன்.”

அடுத்த சனிக்கிழமை ஒன்றை எடுத்து நீட்டினார். “இதுதான் அவரோடது. ஒரே ஒரு இடம்தான் குறிச்சிருக்கார். இந்த அம்புக்குறி காட்டற பக்கம் போய்க்கிட்டே இருந்தா போதும்.”

சுத்தப் பொய். கல்யாணத்துக்கு முன்னால், கால் போன போக்கில் சுற்றிய காலத்தில் கடைக்காரர் கண்டுபிடித்த ஓர் ஓடைக்கரை அது. வரைபடத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் தேடி, அவரே கருவியில் குறித்து வைத்திருந்தார்.

அந்த அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். செருப்பெல்லாம் செம்மண்.

“போயிட்டு வந்தேன் தம்பி. பையன் கார்ல கொண்டுபோய் விட்டான். அவன் கீழேயே நின்னுட்டான், நான் ஏறிட்டேன். தண்ணிச் சத்தம் தவிர வேற சத்தமே இல்ல. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் பக்கத்துல இடம் விட்டு உட்கார்ந்தேன்னா பார்த்துக்கோங்க.”

பொய்யானாலும் புண்ணியமாகப் போயிற்று என்று கடைக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

“ஆனா கடைசியில கொஞ்ச தூரம் பாறையைக் கையால பிடிச்சுத்தான் ஏற வேண்டியிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு முழங்காலும் போய் பத்து வருஷம். தடி ஊன்றி சமதரையிலதான் நடப்பார்.”

கடைக்காரர் சுற்றிக்கொண்டிருந்த கயிறு பாதியில் நின்றது. வரைபடத்தில் தூரத்தைத்தான் பார்த்தார். ஏற்றத்தை நினைக்கவே இல்லை.

“யாரோ ஆசையா வெச்சிருந்த இடம்னு பார்த்தாலே தெரியுது. உங்க இடம்தானே?”

கடைக்காரர் தலைகுனிந்தார். “மன்னிச்சிடுங்கம்மா. அவர் குறிச்சதை நான்தான் அழிச்சுட்டேன்.”

“அவர் இடம் போனது போனதுதான். நினைச்சா நெஞ்சை அடைக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனாலும் உங்க இடத்தை எடுத்து எனக்குக் குடுத்தீங்களே.” கருவியை அவர் பக்கம் நகர்த்தினார். “இது இங்கேயே இருக்கட்டும். உங்க வீட்ல அந்த இடத்தைப் பார்த்திருக்காங்களா?”

“இல்லம்மா. ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா. அடுத்த மாசம் எப்படியும் கூட்டிட்டுப் போகணும்.”

அந்த அம்மா வாசல் வரை போய்த் திரும்பினார்.

“எங்க வீட்டுக்காரரும் அடுத்த மாசம்னுதான் தம்பி சொல்லிக்கிட்டிருந்தார்.”