தலையில்லாத வெள்ளைச் சட்டை

பாளையம்பட்டி ஃப்ளெக்ஸ் கடையில் தங்கலட்சுமி கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி ஊதுகிறாள். கரிசல் தூசி எழும்பி, போக இடமில்லாததுபோல வாசல் வெயிலில் நிற்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஃபேனின் கரகரப்பு அடங்குகிறது. இனி டிஸ்க்கில் இடம் உண்டாக்க வேண்டும். "ரெண்டு வருசமா அஞ்சலி போஸ்டருக்கு யாரும் வரலைன்னா, அந்தப் படத்த அழிச்சிரு தாயி," என்கிறார் கடைக்காரர் சிலுவைமுத்து. அவள் அழிக்கிறாள். மீசைகள் போகின்றன; ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கி மங்கிய கண்கள் போகின்றன. கழுத்துக்குக் கீழே எல்லா ஆண்களுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, இடது தோளில் ஒரே துண்டு. நல்ல படம் இல்லாதவர்களின் தலையைக் கடையில் அந்த உடம்பில்தான் ஒட்டுகிறார்கள். அது அவளுடைய அப்பா இருளப்பசாமியின் உடம்பு. அவர் இறந்த பிறகு, படம் தெளிவாக இருக்கிறதென்று தலையை நீக்கி எடுத்து வைத்தவள் அவளேதான். இரண்டு வருடமாக அவருக்கும் யாரும் போஸ்டர் போடவில்லை. தலையுள்ள முழுப் படத்தின் மேல் அம்புக்குறி நிற்கிறது. அழிக்கவா என்று திரை கேட்கிறது.

அதற்குள் ஒருவர் போனை நீட்டியபடி உள்ளே வருகிறார். "எங்கய்யா தவறிட்டாக. சாயங்காலத்துக்குள்ள போஸ்டர் வேணும்." போனில், கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே இறந்தவரின் முகம் மட்டும் தெரிகிறது. தலையில்லாத வெள்ளைச் சட்டையை அவள் திறக்கிறாள். கம்ப்யூட்டர் இப்போது சட்டென்று திறக்கிறது. புதுத் தலை கழுத்தில் அமர்கிறது. வந்தவர் குனிந்து, திரையில் அந்த இடது தோளைத் தொடுகிறார்.

"இந்தத் தோளுலதாம்மா என்னையத் தூக்கிட்டுத் திரிஞ்சாக."