ஏர்போர்ட் சவாரி

விமான நிலைய வாசலில், பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார் டிரைவர். ஒரு பெண்ணும் அவளுடைய மகளும் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பெட்டி லேசா இருக்கே மேடம்?"

"ஏன், கனமா இருந்தாத்தான் தூக்குவீங்களா?"

தண்ணீர் பாட்டிலை நீட்டி, ஏசியைப் போட்டு, கடற்கரைச் சுற்றுலா ஊருக்கு வண்டியை விட்டார்.

"சார் வரலையா மேடம்?"

"அவருக்கு ஊருக்கு உழைக்கவே நேரம் பத்தலை. கடல் காட்டுறேன்னு சொல்லிப் பதினோரு வருஷமாச்சு."

"பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மணி நேரத்தில் கடல் வந்தது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

"திரும்ப எத்தனை மணிக்கு ஏர்போர்ட்ல விடணும் மேடம்?"

"ஏர்போர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரா வீட்டுக்கு விடுங்க. மத்த சவாரி மாதிரி நம்மளையும் அப்பா போர்டு பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு உங்க பொண்ணு ஒத்தக்கால்ல நின்னா. காலிப் பெட்டியோட ரெண்டு பஸ் மாறி ஏர்போர்ட் வந்ததுல எனக்கு இடுப்பே ஒடிஞ்சுபோச்சு."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்போ டிப்ஸு?"

"வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு."