ஜன்னலின் கதைக்கு ஒரு முடிவு

“இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?” என்று கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தார் நாவலாசிரியர்.

ஞாயிற்றுக்கிழமை காலை இணைய வகுப்பு. திரையில் பதினான்கு கறுப்புக் கட்டங்கள். ஒன்றிலும் முகம் கிடையாது, பேர்கூடப் புனைபெயர்தான். முகத்தைப் பார்த்தால் எழுத்தைப் பார்க்க மாட்டோம் என்பது அவர் போட்ட சட்டம்.

இன்றைக்கு அலசலுக்கு எடுத்தது ‘ஜன்னல்’ என்பவர் நேற்று அனுப்பிய கதை.

ஒருத்தி இடுப்புவரை இருந்த கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வருகிறாள். புருஷன் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான், மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்கிறான், படுத்துத் தூங்குகிறான். இப்படியே பதினோரு நாள். கடைசியில் அவள் பெட்டியில் துணியை அடுக்கி வைத்துவிட்டு யோசிக்கிறாள்.

அதோடு கதை நிற்கிறது. போவதா இருப்பதா என்று தெரியவில்லை, வகுப்பே முடிவு செய்து கொடுக்கட்டும் என்று அடியில் ஒரு குறிப்பு.

மாணவர்களின் கதைத் தொகுப்பு மத்தியானம் அச்சுக்குப் போகிறது. தொகுப்பின் மானத்தைக் காப்பாற்ற இந்த ஒரு கதைதான் இருக்கிறது என்று நாவலாசிரியருக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் மழையைப் பற்றியே எழுதித் தொலைத்திருந்தார்கள்.

பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் சார், எத்தனை வருஷக் குடித்தனம் என்றார் மாணவர்களில் ஒருவரான பல் டாக்டர். இன்னொரு மாணவரான லாரி டிரைவருக்கும் மனசு கேட்கவில்லை. கடைசி நிமிஷத்திலாவது அந்த மடையன் நிமிர்ந்து பார்த்துவிட்டால் மன்னித்துவிடலாம் என்றார்.

நாவலாசிரியர் விடுவாரா? பதினோரு நாள் பார்க்காதவன் பன்னிரண்டாம் நாள் மட்டும் எப்படிப் பார்ப்பான் என்று ஒரே போடாகப் போட்டார்.

கவனிப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். முதல் வகுப்பே அதைப் பற்றித்தான் எடுத்தார்.

கதையில் ஒரே ஒரு குறை அவர் கண்ணை உறுத்தியது. எப்பேர்ப்பட்ட மக்குப் புருஷனாக இருந்தாலும் பதினோரு நாள் கொஞ்சம் அதிகம், இரண்டு நாள் என்று மாற்றிவிடுங்கள் என்றார்.

ஜன்னல் பேசுவதில்லை. தொண்டை சரியில்லை என்று ஆறு வாரமாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்துதான் அனுப்புவார். இப்போதும் திரையில் வந்து விழுந்தது: ‘பதினொன்றை மாற்ற முடியாது சார். முடிவை மட்டும் சொல்லுங்கள்.’

சரியான பிடிவாதம். அது அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அவருடைய சொந்த நாவல் மூன்று வருஷமாக நூறாவது பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது.

“கெளம்பட்டும்ங்க. பெட்டியைத் தூக்கிட்டு நேரா வாசலுக்குப் போகட்டும். அவ இருந்துட்டாள்னா கதை செத்துப்போச்சு.”

திரையில் ‘நன்றி சார்’ என்று வந்தது. ஜன்னலின் கட்டம் மறைந்தது.

ஒரு நல்ல கதையைக் காப்பாற்றிய திருப்தியோடு அவர் வகுப்பை முடித்தார். பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. காபி கேட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

காபி வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம்தான் வந்தது.

யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனார். பக்கத்து அறை மேசையில் மனைவியின் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. மனைவி வாசல் கதவருகே இருந்தாள். ஒரு கையில் பெட்டியின் கைப்பிடி, இன்னொரு கையில் செருப்பு.

கழுத்தோடு வெட்டிய முடி.

நாலாயிரம் பக்கம் எழுதிய மனிதர். ஏதாவது சொல்லியாக வேண்டும். எதைச் சொல்லக் கூடாதோ அதைத்தான் சொன்னார்.

“எப்போ வெட்டினே?”

“இன்னியோட பன்னெண்டு நாள் ஆச்சு,” என்று செருப்பைக் கீழே போட்டாள் அவள். “முடிவை மாத்தறதா இருந்தா இப்பவே சொல்லுங்க சார். மத்தியானம் அச்சுக்குப் போயிடும்.”