பாதி வறண்ட ஏரி

வறண்ட ஏரிக்கரையில் அருகருகே அமர்ந்து வரையும் அந்த இரு ஓவியர்களுக்கும் ஒரே விதிதான்: கண்முன் இல்லாததை வரையக் கூடாது. மங்கையர்க்கரசி நேற்றே முடித்துவிட்டாள். அவள் தீட்டிய வெடிப்புகளைப் பார்த்தவர்கள் தம்மையறியாமல் தண்ணீர் கேட்டார்கள். அவள் படம் எழுப்பிய அந்தத் தாகத்தைப் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த வில்லவனால் பொறுக்க முடியவில்லை. அவனுடைய ஓவியத் திரையில் ஏரி இன்னும் பாதிதான் வறண்டிருந்தது. அப்போது முதல் துளி விழுந்தது.

"மழைண்ணே! இந்த ஏரிக்காக எத்தனை கூட்டத்துல அழுதீங்க, இப்பவாவது சிரிங்களேன்!"

"சிரிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன். உன் படம் முடிஞ்சுபோச்சு, நீ ஆடு."

ஊரே கரைக்கு ஓடிவந்து மழையை ஏந்தக் கைகளை உயர்த்தியது. வில்லவனின் கைகளும் உயர்ந்தன, மேகத்தை வந்த வழியே தள்ளிவிடும் விறைப்போடு.