இடது, அண்ணே!

"இடது! அண்ணே, இடது!"

கத்தியவன் புதுசு. சர்க்கரை ஆலை ஹாக்கி அணியிலிருந்து துறைமுக அணிக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத தடுப்பாட்டக்காரன். வந்த அன்றே 'புதுசு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் பந்தை மறிக்கிற அழகைப் பார்த்துக் கோச்சுக்கு வாயெல்லாம் பல். கீப்பருக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள் முகம் கடுகடுத்தது. பதினாலு வருஷமாகக் கோல் காக்கிறவனுக்கு, பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று நேற்று வந்தவன் பாடம் எடுப்பதா?

கோபம்கூட அப்புறம்தான். முதலில் வந்தது பயம். கீப்பருக்கு இடது கண் தெரியாது.

இரண்டு வருஷமாக மெல்ல மெல்லப் புகை மூட்டி, இப்போது சுத்தமாக அடைத்துவிட்டது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் மாட்டுவது எப்போதும் ஒரே எழுத்துப் பலகை. அதை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்து, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வந்துவிடுவான். துறைமுகத்தில் அவனுக்கு வேலை கொடுத்ததே ஹாக்கிக்காகத்தான். கண் விஷயம் வெளியே தெரிந்தால் அணியும் போச்சு, வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு. மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது?

இந்தப் புதுசு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். இல்லையென்றால் எப்போது பார்த்தாலும் ஏன் கோலுக்கு இடப்பக்கமே போய் நிற்கிறான்? இடது, இடது என்று ஏன் தொண்டை கிழியக் கத்துகிறான்? வலது என்று சொல்ல ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கிறானா?

அன்று பயிற்சி முடிந்து கால் பேடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது புதுசு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வலப்பக்கம் பந்து வந்தா நீங்க ஒரு குரல் கொடுங்க. இடப்பக்கத்தை நான் பார்த்துக்கறேன்."

கீப்பருக்குச் சுருக்கென்றது. உனக்குத் தெரிகிற பக்கம் அந்த ஒன்றுதானே என்று எவ்வளவு நாசூக்காகக் குத்துகிறான்.

"எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். உன் வேலையைப் பாரு."

"சரிண்ணே" என்று அசடு வழியச் சிரித்துவிட்டு அவன் எழுந்து போனான்.

கீப்பர் சும்மா இருக்கவில்லை. அவன் ஆலைக்காரர்கள் அனுப்பிய உளவாளி என்று கேப்டன் காதில் போட்டான். கோச்சிடம் எல்லாரையும் பற்றிக் கோள் சொல்கிறான் என்று மற்றவர்களிடம் ஊதிவிட்டான். ஒரே வாரம். சாப்பாட்டு மேஜையில் புதுசு போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அவனோ எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய் இடது, இடது என்று கத்தினான். அடுத்தடுத்து நாலு ஆட்டத்தில் இடப்பக்கமாக ஒரு கோல்கூட விழவில்லை. உனக்கு இளமை திரும்பிவிட்டதய்யா என்று கோச் கீப்பரின் முதுகில் தட்டினார். அது வேறு எரிந்தது.

அரையிறுதி. முடிய மூன்று நிமிஷம் இருந்தது. புதுசு கோலுக்கு முன்னால் இடப்பக்கமாக, மைதானத்தைப் பார்த்து நின்றிருந்தான். பந்து எதிரணி வசம், வலப்பக்க மூலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருந்தவன் மட்டையை ஓங்குவதைக் கீப்பர் தன் நல்ல கண்ணால் துல்லியமாகப் பார்த்தான். பந்து கிளம்பினால் நேராகப் புதுசின் தலைக்குத்தான். அவன் அசையாமல் நிற்கிறான்.

ஒரு வார்த்தை போதும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இவனுக்குக் குரல் கொடுக்க நான் என்ன வேலைக்காரனா, ஒரு அடி வாங்கி நாலு வாரம் வீட்டில் கிடந்தால் எனக்கும் நிம்மதி என்று தோன்றியது. கீப்பர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

பந்து வலது நெற்றிப்பொட்டில் பட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. புதுசு கையைக்கூடத் தூக்காமல் அப்படியே சரிந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அணி மொத்தமும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. மண்டை எலும்பு உடைந்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு ஆகும் என்று கீப்பர் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

புதுசின் மனைவி வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கீப்பர் சட்டையைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்கதானே கீப்பர் அண்ணன்?"

அவன் தலையாட்டினான். அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெளியே சொல்லிடாதீங்கண்ணே, அவர் பிழைச்சு வந்தா வேலை இருக்கணும். அவருக்கு வலது கண்ணு தெரியாது. மூணு வருஷமாச்சு. பழைய டீம்ல கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயந்துதான் இங்க வந்தார். கண் தெரியாதுன்னு உங்ககிட்ட சொல்லவும் பயம். ஆனா வலப்பக்கத்துக்குக் கீப்பர் அண்ணன் இருக்கார், எனக்கென்ன கவலைன்னு தினமும் சொல்வார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கே ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்: "மனசைப் போட்டு வருத்திக்காதீங்கண்ணே. நீங்க குரல் கொடுத்துதான் இருப்பீங்க. கூட்டத்துச் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது."