மொன்றியலுக்கு மேல் ஒரு சூரியன்

வெள்ளிக்கிழமை மத்தியானம், மொன்றியலின் லாசாலில் ஒரு மூன்றாம் மாடி வீடு. குலசேகரம் தலையணைக்கு உறை போட்டபடி தொலைக்காட்சியில் வார இறுதி வானிலையைப் பார்க்கிறார். கனடா வரைபடத்தில் மேற்கே வான்கூவருக்கு மேல் மழைத்துளிகள் விழுகின்றன. நடுவில் சமவெளி முழுக்க வெண்பனி. கிழக்கே, ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் வரை மஞ்சள் சூரியன்கள். ஜனவரியில் இப்படியொரு வெப்பமா என்று அறிவிப்பாளர் சிரிக்கிறார். நாளைக்கு மகள் மயூரதி ரொறன்ரோவிலிருந்து வருகிறாள். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. தொலைபேசி அடிக்கிறது.

“அப்பா, அங்க சரியான ஸ்னோவாம். பிள்ளையளோட கார் ஓடப் பயமாக் கிடக்கு.”

சூரியன் இன்னும் திரையில்தான் இருக்கிறது. அவர் அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கிறார். பல்கனிக் கூரையிலிருந்து உருகிய பனி சொட்டுச் சொட்டாகக் கம்பியில் விழுந்து மின்னுகிறது.

“ஓம் பிள்ளை, இங்க கொட்டோ கொட்டெண்டு கொட்டுது. ரோட்டில இறங்காதேங்கோ.”

 மறுமுனையில் அவள் குரல் இலேசாகிறது.

“பேந்தொரு நாளைக்கு வாறன், என்னப்பா?”

“ஓம், பேந்து வாங்கோ.”

தலையணையைக் கையில் பிடித்தபடியே அவர் பல்கனிக் கதவைத் திறக்கிறார். காற்றில் ஈரமண் வாசம். பக்கத்துப் பல்கனியில் கையில்லாச் சட்டையோடு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பெண், முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி, “போன்ஜூர்! என்ன அருமையான நாள்!” என்று பிரெஞ்சில் சொல்கிறாள்.

அவர் சிரிக்கிறார். “உய்,” என்று ஆமோதிக்கிறார், “உய், மதாம்.”