1775-இல் அப்பா

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீப்பாய்ப் பட்டறைக்குள் நுழைந்தாள் லோர்னா. முக்கோணத் தொப்பியும் தோல் ஏப்ரனுமாக, பீப்பாய்க்கு இரும்பு வளையம் அடித்துக்கொண்டிருந்த கிழவர் அவளுடைய அப்பா.

முப்பத்தோரு வருஷம் கழித்துப் பார்க்கிறாள்.

கணவனும் மகளும் பீரங்கி வெடிப்பதைப் பார்க்கப் போயிருந்தார்கள். விடுமுறைக்கு, சுற்றுலாக்காரர்களுக்காகப் பழங்காலம் போலவே நடத்தப்படும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஏன் என்று அவர்களிடம் மூச்சுவிடவில்லை.

அப்போதெல்லாம் அப்பாவுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போரை நடித்துக் காட்டுவதுதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமை துப்பாக்கியோடு கிளம்பிப் போவார். யாருடைய வயலிலோ குண்டடிபட்டு விழுந்து செத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பசியோடு வீட்டுக்கு வருவார்.

ஒரு ஞாயிறு வரவில்லை. படைக்குச் சமைக்கிற வேஷத்தில் வந்தவளோடு போய்விட்டார். அம்மா, பைத்தியக்காரி, அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஞாயிறுதோறும் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள்.

இந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான். வருஷம் 1775. அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர்களுக்குத் தெரியாது. போனை நீட்டினால்கூட, இது என்ன மாயக் கண்ணாடி என்று கேட்பார்கள்.

"அப்பா, நான் லோர்னா."

சுத்தியல் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"தங்களை நான் அறியேன், அம்மணி. நெடுந்தொலைவிலிருந்து வருகிறீர்களோ?"

கூட்டம் சிரித்தது.

"அம்மா செத்துட்டாங்கப்பா. மார்ச்சுல. நீங்களா ஒரே ஒரு வார்த்தை பேசுங்க, போயிடறேன்."

அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அந்தோ! பெரியம்மையா, அம்மணி?"

எல்லோரும் கைதட்டினார்கள். ரெண்டு பேரும் என்னமா நடிக்கிறாங்க என்று யாரோ சொன்னார்கள்.

லோர்னாவுக்கு முகம் எரிந்தது. என்ன மனுஷன்! கல்லுளிமங்கன்! விறுவிறுவென்று வாசலுக்கு வந்துவிட்டாள்.

உள்ளே, இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவரை அவசரமாகக் கேட்டாள்.

"சார், பாத்ரூம் எங்க இருக்கு?"

"கிஃப்ட் கடையைத் தாண்டி இடது பக்கம் திரும்பும்மா. முதல் கதவு பூட்டியிருக்கும், ரெண்டாவதுல போ. பார்த்து, படி வழுக்கும்."

லோர்னா அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பாவின் குரல். ஒன்பது வயதில் கடைசியாகக் கேட்டது. கொஞ்சம்கூட மாறவில்லை.